கல்லா, தாதுவா

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தீர்த்தகிரி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். சும்மா இருந்திருந்தால் இந்நேரம் ஏரிக்கரையில் லோடைக் கொட்டிவிட்டு, டிப்பர் லாரியைக் கோயிலுக்குப் பின்னால் ஓரங்கட்டிவிட்டு, கைகால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். தங்கச்சி மாதேஸ்வரி பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்திருப்பாள். காது குத்த ஆசாரி கம்பியை எடுத்திருப்பார், பிள்ளை வீறிட்டிருக்கும், மாமன் நான் இருக்கேன்டா தங்கம் என்று இவன் ஏதாவது உளறியிருப்பான், முடிந்தது கதை. இங்கே என்னடாவென்றால் சோதனைச் சாவடியில், நிழல் எப்போதோ நகர்ந்துபோய்விட்ட ஒரு வேப்பமரத்தடியில், கொதிக்கிற கேபினுக்குள், சாவி இல்லாத வண்டியில், ஏதோ வண்டி ஓட்டுகிறவன் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லோடு கொண்டுபோக அரசாங்கம் தருகிற நடைச்சீட்டில் ஒரு குறையும் இல்லை. குவாரியில் கழித்த சக்கைக்கல், ஏரிக்கரை பலப்படுத்தும் வேலைக்கு, குவாரியிலிருந்து ஏரிக்கு, எல்லாம் அச்சடித்த மாதிரி சரியாக இருந்தது. சாவடி அதிகாரி சீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியேவிட்டார். ஒரு முனை அவர் விரலில், ஒரு முனை இவன் விரலில். அப்போதுதான் அந்த மனுசன் அண்ணாந்து லோடைப் பார்த்து, "என்னய்யா, கல்லு இவ்வளவு கருப்பா இருக்கு?" என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். மழை வருமா என்று கேட்கிற மாதிரி. ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டியதுதானே. சொன்னானா? மாட்டான். கரட்டூர்க்காரன் எவனும் மாட்டான். அந்தக் கரட்டுக் குன்றடியில் பிறந்த எல்லோருக்கும் இதே நோய். வெளியூர்க்காரன் ஒருத்தன் கல்லைப் பார்த்துவிட்டால் போதும், நாக்கு அரிக்கும். பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட, காப்பி கொடுப்பதற்கு முன்னால், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் ஒட்டிக் காட்டிய ஊர் அது. "எங்க கரட்டுக் கல்லு சார் இது, லேசுப்பட்டதில்ல. காந்தம் வெச்சா கப்புனு ஒட்டிக்கும். அந்தக் காலத்துல இதைத்தான் உருக்கி அருவா அடிச்சாங்களாம்!" என்று, பல்லைக் காட்டிக்கொண்டு, மார்பைத் தூக்கிக்கொண்டு, இவன்தான் சொன்னான். இவனேதான். அதிகாரியின் விரல் சீட்டை விடாமல் நின்றது. பிறகு சீட்டு மெல்ல அவர் பக்கமே போனது.

அவர் பெயர் இளம்பரிதி. சட்டையில் குத்தியிருந்தது. தீர்த்தகிரியைவிடச் சின்ன வயது, இந்தச் சாவடிக்குப் புதுசு, மீசை இன்னும் மனசு வைக்கவில்லை. "காந்தம் இருக்கா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய்ப்பு இருந்தது, ஆண்டவன் இரண்டாவது முறையும் கதவைத் திறந்துதான் வைத்தான். ஆனால் கதவைத் திறந்த ஆண்டவனே டேஷ்போர்டில் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது. அடியில் காந்தம் வைத்த முனியப்பன், விரல் நீளம், திருவிழாக் கடையில் வாங்கியது. அதிகாரியின் கண் அதன்மேல் போனது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டார், அதைச் சொல்ல வேண்டும், மரியாதை தெரிந்த பிள்ளை. சக்கரத்தின்மேல் ஏறி ஒரு கல்லில் வைத்தார். முனியப்பன் ஒட்டிக்கொண்டார். செங்குத்தான பக்கத்தில் வைத்தார். அங்கேயும் ஒட்டிக்கொண்டு, அரிவாளை ஓங்கியபடி, படுத்தவாக்கில் வானத்தைப் பார்த்தார். "ஒட்டுதே!" என்றார் இளம்பரிதி, பயந்த குரலில். "அதான் சார் சொன்னேன்ல" என்று இவன் அப்போதும் பெருமையாகத்தான் சொன்னான், கூறுகெட்டவன். "அப்படின்னா இது கல்லு இல்லய்யா. தாது. உள்ளே உலோகம் இருக்கு. தாதுக்கு இந்தச் சீட்டு செல்லாது, அதுக்கு வேற அனுமதி, வேற ஆளு, வேற எல்லாமே. நீ கல்லுன்னு சொல்லித் தாது கடத்துற." கடத்துகிறானாம். ஏரிக்கரையில் கொட்டப்போகிற சக்கையைக் கடத்துகிறானாம். சாவியும் லைசென்சும் அவர் மேசை இழுப்பறைக்குள் போயின. முனியப்பனை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

தாது. தாது. தாது. வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான், பல்லில் மாட்டிக்கொண்ட நாராகத் துருத்தியது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கனிமத்துக்கும் தாதுவுக்கும் வித்தியாசம் என்ன என்று கேள்வி வரும், கட்டாயம் வரும் என்று வாத்தியார் மேசையைத் தட்டிச் சொன்னார். இவனும் மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினான். அத்தோடு அந்தச் சொல் ஒழிந்தது என்று நினைத்தால், இத்தனை வருசம் எங்கேயோ பதுங்கியிருந்து, தங்கச்சி மகளுக்குக் காது குத்துகிற நாளாகப் பார்த்து, நட்டநடு ரோட்டில் கையை நீட்டி வண்டியை நிறுத்துகிறது. இது தாது என்றால் கரட்டூரில் எது தாது இல்லை? வீட்டுச் சுவர் தாது. மாட்டுத்தொட்டி தாது. அம்மா துணி துவைக்கிற கல் தாது, அதில் அடித்து அடித்துக் கிழிந்த இவனுடைய சட்டைகள் எல்லாம் தாதுவில் கிழிந்தவை. மழை பெய்தால் வாசலில் கருமணல் கோடு கோடாக வந்து படிகிறதே, அதையும் அனுமதி வாங்கித்தான் பெருக்க வேண்டுமா? எங்கள் ஊரில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகளை எல்லாம் பிடித்து உள்ளே போடுங்கள் சார், முட்டியில் தாது கடத்துகிறார்கள். சரி, எரிந்து விழுந்து என்ன ஆகப்போகிறது. ஸ்டியரிங் சுட்டது. கையை எடுத்துத் தொடையில் வைத்தால் தொடை சுட்டது. எதிரே ஒரு சிமென்ட் லாரி நின்றது, சீட்டைக் காட்டியது, போய்விட்டது. சிமென்ட்டுக்காரனுக்கு என்ன, அது சிமென்ட். கரி ஏற்றினவனுக்குக் கரி, மாடு ஏற்றினவனுக்கு மாடு. இவன் ஒருத்தன்தான் தான் ஏற்றியிருப்பது என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

போன் அடித்தது. பெண்டாட்டி கோமளா, கோயிலிலிருந்து. பின்னால் நாதஸ்வரம், ரேடியோ செட், யாரோ குழந்தையை மிரட்டும் சத்தம். "ஏங்க, எங்க இருக்கீங்க? சீர்த்தட்டை வெச்சிக்கிட்டு நான் ஒருத்தியே நின்னுட்டிருக்கேன். பத்தரைக்கு மேல ராகுகாலம் தெரியுமில்ல?" தெரியும். நேற்று ராத்திரியெல்லாம் அவளே சொன்னதுதான். "சாவடியில பிடிச்சு வெச்சிருக்கான் கோமளா." "எதுக்கு? சீட்டு இல்லையா?" "சீட்டு இருக்கு. கல்லுதான் கல்லு இல்லைங்கறான்." "நீங்க ஏதாவது பேசினீங்களா?" என்றாள் அவள். எப்படித்தான் தெரிகிறதோ. "நான் என்னத்தைப் பேசினேன்." "காந்தம் ஒட்டும்னு சொன்னீங்களா?" டேஷ்போர்டு முனியப்பனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தான். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்கப்பா சொன்னாரு, பையன் நல்ல பையன், வாயிலதான் தாழ்ப்பாள் இல்லைன்னு. கேட்டுக்கோங்க, இங்க உங்க முனிரத்தினம் அண்ணன் பட்டு வேட்டியோட வந்து முன்வரிசையில உக்காந்தாச்சு. உங்க தங்கச்சி மாமியாரு அவருக்குத் தனியா எளநி வெட்டச் சொல்றாங்க." வைத்துவிட்டாள்.

முனிரத்தினம். பெரியப்பா மகன். போர்வெல் ரிக் வண்டி வைத்து, ஊர் ஊராகப் பூமியைத் துளை போட்டுச் சம்பாதித்தவன். இன்றைக்குப் பிள்ளைக்கும் துளை போட மடியைக் கொடுக்க வந்துவிட்டான். தாய்மாமன் வரவில்லையென்றால் பெரியப்பா மகனும் அண்ணன் முறைதானே என்று மாதேஸ்வரியின் மாமியார் முந்தாநாளே போனில் சொன்னாள். ரொம்ப இயல்பாக, உப்பு இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்கிற தொனியில். "தம்பி லாரிப் பொழப்புல இருக்குது, வர முடியுமோ என்னவோ, நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டோம்." தப்பா எடுத்துக்க மாட்டார்களாம்! கல்யாணமாகி வருசக்கணக்காகப் பிள்ளை இல்லாமல் மாதேஸ்வரி அந்த வீட்டில் பட்டதெல்லாம் யாருக்குத் தெரியும்? அப்போது முனிரத்தினம் எங்கே துளை போட்டுக்கொண்டிருந்தான்? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக லோடு இறக்கின கையோடு வந்து, கிரீஸ் வாசனையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்? மகிழினி பிறந்த அன்றைக்கு நர்ஸ் வந்து தாய்மாமன் யாரு, சீனித்தண்ணி தொட்டு வைக்கலாம் வாங்க என்று கூப்பிட்டபோது, கையைக் கழுவிக் கழுவியும் நகக்கண்ணில் இருந்த கருப்பு போகவே மாட்டேன் என்று நின்றது, கடைசியில் மாதேஸ்வரியே, பரவால்லண்ணா வா, அது எங்க ஊரு மண்ணுதானே என்று கட்டிலில் படுத்தபடி சிரித்தாள். அந்த மண் இன்றைக்குத் தாதுவாகிவிட்டது. ஒரு லோடு, போகிற வழியில் ஒரே ஒரு லோடு இறக்கிவிட்டுப் போய்விடு தீர்த்தகிரி என்று குவாரி முதலாளி சொன்னபோது மாட்டேன் என்று சொல்லியிருந்தால். சொல்ல வேண்டிய இடத்தில் வாய் பூட்டிக்கொள்ளும், பூட்ட வேண்டிய இடத்தில் கொட்டும். இதையெல்லாம் எங்கே போய்ச் சரிபண்ணுவது.

இறங்கிப் போய் மேசை முன்னால் நின்றான். இளம்பரிதி போனில் இருந்தார். சுரங்கத் துறையின் புவியியல் ஆள் ஒருவரை வரச் சொல்லியிருந்தார். அவர் வந்துகொண்டே இருந்தார், காலையிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தார். இப்போது போனிலேயே பாடம் நடந்தது, இளம்பரிதி கேட்கக் கேட்க வாய்விட்டுச் சொன்னார். "ஓகோ... உலோகம் இருந்தா மட்டும் பத்தாது... எடுத்தா கட்டுபடியாகணும்... லாபம் வர்ற அளவுக்கு இருந்தாத்தான் தாது. இல்லைன்னா வெறும் பாறை. சரிங்க சார். அப்ப இதுல எவ்வளவு இருக்கு? பார்த்தாத்தான் தெரியுமா? சரிங்க. எங்க இருக்கீங்க? வண்டி பஞ்சரா?" போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "சார், அப்ப கல்லுதானே? ஏரிக்கரையில கொட்டப்போறோம், அதுல யாரு லாபம் எடுக்கப்போறா?" "யாராவது எடுக்கலாமில்ல?" "யாரு சார்? மீனா?" அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், "அண்ணே, உங்க அவசரம் எனக்குப் புரியுது. எனக்கு முன்னால இங்க இருந்தவரை எதுக்குத் தூக்குனாங்க தெரியுமா? ஒரு லோடை விட்டாருன்னு. கல்லுன்னு நம்பி விட்டாரு. நான் விட்டு, அது தாதுன்னு ஆச்சுன்னா என் வேலை போச்சு. பிடிச்சு வெச்சு, கல்லுன்னு ஆச்சுன்னா உங்க முதலாளி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு. நான் மட்டும் என்ன குளுகுளுன்னா உக்காந்திருக்கேன்?" அண்ணே என்று சொன்னது இவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தாலாவது மனசுக்குள் திட்டித் தீர்க்கலாம். இதைத் திட்டவும் முடியவில்லை.

திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை, இரண்டாவது முறை அறைந்தான். எடுத்தால் கட்டுபடியாக வேண்டுமாம். அப்படியானால் இரும்பு விலை ஏறினால் தாது, இறங்கினால் கல். இவன் இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்திலேயே எங்கோ சீமையில் ஒருத்தன் விலையைக் கூட்டுவான், பின்னால் கிடக்கிற லோடு தாதுவாகிவிடும், மத்தியானம் குறைப்பான், கல்லாகிவிடும். கல்லுக்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குக் கிடக்கும். உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும், கூடாது, குறையாது, வெளியே நின்று பார்க்கிறவன் மனசில்தான் எல்லாம். அப்படிப் பார்த்தால் மாமன் கதையும் அதுதான் போல. ரத்தம் உள்ளே இருக்கிறது, யார் இல்லை என்றது. இருந்து என்ன? வந்து உட்கார்ந்தால்தானே மடி. வராத மாமனில் எத்தனை சதவீதம் மாமன் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம். சீ, என்ன நினைப்பு இது, வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், வெந்நீர். மகிழினிக்கு இன்னும் ஆள் தெரியாது, பத்து மாசம், யார் மடியானாலும் கத்தத்தான் போகிறாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவளுக்கு ஞாபகம் இருக்காது, போட்டோவுக்கு இருக்கும். பெரியவளாகி ஆல்பத்தைப் புரட்டுவாள், காது குத்தின படத்தில் முனிரத்தினம் பட்டு வேட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாமா நீங்க எங்க இருந்தீங்க என்று கேட்பாள். கல்லுக்குக் காவல் இருந்தேன்டா தங்கம். அது கல்லு இல்லை என்று ஒருத்தர் சொன்னார்.

முதலாளி கூப்பிட்டார். எடுத்ததும் கெட்ட வார்த்தை, பிறகுதான் பேச்சு. "அங்கயே நில்லு. கல்லுன்னு சொல்லு. யாரு என்ன கேட்டாலும் கல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை உன் வாயில வரக் கூடாது. இது தாதுன்னு ஆச்சுன்னா குவாரியையே இழுத்து மூடிருவான், உனக்கு மட்டுமில்ல, மொத்தப் பேருக்கும் சோறு கிடையாது." "சரிங்க." "வண்டியை விட்டு நகர்ந்த, தொலைச்சுப்புடுவேன்." "இன்னிக்கு எங்க தங்கச்சி வீட்டுல காதுகுத்துங்க, உங்ககிட்ட சொன்னேனே." "காது எங்கய்யா ஓடிரப்போகுது!" வைத்துவிட்டார். பத்தரை தாண்டிப் போயே போய்விட்டது. மணியைப் பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தான், கவிழ்த்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்நேரம் முடிந்திருக்கும். முனிரத்தினம் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, இன்னொரு அப்பளம் போடுங்க என்று கேட்டுக்கொண்டிருப்பான். அப்பளத்தை நொறுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. சரி, விடு. எத்தனையோ பேருக்கு எத்தனையோ நடக்கிறது. விட முடியவில்லை. வேப்பங்காற்று ஒரு வீச்சு வந்தது, அதுவும் சூடு.

கவிழ்த்த போன் நடுங்கியது. மாதேஸ்வரி. எடுக்கலாமா என்று யோசித்தான். எடுத்து என்ன சொல்வது. எடுத்தான். "அண்ணா." மூச்சு வாங்கியது அவளுக்கு. பின்னால் பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. "முடிஞ்சுதா கண்ணு?" என்றான், முடிந்தவரை சாதாரணமாக. "பாதி முடிஞ்சுது." "என்னது?" "ராகுகாலம் வருது வருதுன்னு எங்க மாமியாரு பறந்தாங்க. என் கையில இருந்து பிள்ளையைப் பிடுங்கி முனிரத்தினம் அண்ணன் மடியில வெச்சிட்டாங்க. ஆசாரி இடது காதைக் குத்திட்டாரு. பிள்ளை வீல்னு கத்துச்சு. எனக்கு என்னமோ ஆயிருச்சுண்ணா. பிடுங்கிட்டேன். வலது காது எங்கண்ணன் மடியிலதான்னு சொல்லிட்டேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ராகுகாலம் முடிஞ்சு, பன்னெண்டுக்கு மேல குத்திக்கலாம்னு ஆசாரியைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கேன். அவருக்கு வேற ஊட்டுக்குப் போகணுமாம், மொனகுறாரு, ரெண்டாவது தடவையா பாயசம் ஊத்தியிருக்கேன். எவ்வளவு நேரம் பாயசம் ஊத்த முடியும்? நீ வா." அவன் கை கதவுப் பிடிக்குப் போனது. "அண்ணா, ஒத்தைக் காதோட பிள்ளையை வெச்சிக்கிட்டு நான் சபையில நிக்கிறேன். நீ வரலைன்னா நாளைக்கு இந்த ஊட்டுல எனக்கு என்ன பேச்சு கிடைக்கும்னு உனக்கே தெரியும்." வைக்கவில்லை, லைனிலேயே இருந்தாள். பிள்ளையின் கத்தல் ஏறி ஏறி இறங்கியது. ஒரு காதுக்கான கத்தல். இன்னொரு காதுக்கானது பாக்கி இருந்தது.

கதவைத் திறந்து குதித்தான். இளம்பரிதி மேசையிலிருந்து எழுந்தார். "எங்கண்ணே?" "காது குத்தப் போறேன் சார்." "விளையாடாதீங்க. அவரு பஞ்சர் ஒட்டிட்டு வந்துட்டே இருக்காரு. நீங்க இல்லாம எப்படி? வண்டியை விட்டுட்டு ஓடிட்டான்னுதான் நான் எழுதணும். கல்லுன்னு நின்னு சொல்ல ஆளில்லைன்னா தாதுன்னுதான் ஆகும்." தீர்த்தகிரி டிப்பரைத் திரும்பிப் பார்த்தான். விட்டுவிட்டுப் போனால் முதலாளி இந்த ஜென்மத்தில் வண்டியை மறுபடி இவன் கையில் தரப்போவதில்லை. லைசென்ஸ் எந்த இழுப்பறையில் எத்தனை மாசம் கிடக்குமோ. கோமளா என்ன சொல்வாள், அவள் ஏதாவது சொல்வாள். இவ்வளவு நேரம் உள்ளே சுற்றிச் சுற்றி முட்டிக்கொண்டிருந்தது அப்போது எங்கேயோ நின்றுபோயிருந்தது. "எழுதிக்கோங்க சார்" என்றான். "அது நான் இங்க நின்னாலும் கல்லு, போனாலும் கல்லு. நான் பார்த்து அதை மாத்த முடியாது. அங்க அப்படி இல்ல. நான் போனாத்தான் சார் மாமன்." இளம்பரிதி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். தடுப்புக் கம்பத்தின் முன்னால் ஒரு பால் வண்டி வந்து நின்றது. தீர்த்தகிரி கேட்காமலே கதவைத் திறந்து ஏறினான். "யோவ், யாருய்யா நீ?" என்றான் பால்காரன். "கோயில் வரைக்கும். மிதி." "மிதிச்சா பாலெல்லாம் தயிராயிரும்." "தயிராகட்டும், மிதி." கம்பம் தூக்கப்படாமல் நின்றது. கயிறு இளம்பரிதியின் கையில் இருந்தது. அவர் லாரியைப் பார்த்தார், பால் வண்டியைப் பார்த்தார். காதோடு ஒட்டியிருந்த போனில் மாதேஸ்வரி, "அண்ணா, எங்க வந்துட்ட?" என்று கத்தினாள்.

"வந்துட்டேன் வந்துட்டேன்" என்றான் தீர்த்தகிரி, இன்னும் தூக்காத கம்பத்தைப் பார்த்துக்கொண்டே. "கோயில் வாசல்லதான் செருப்பைக் கழட்டிட்டிருக்கேன். ஆசாரிக்கு இன்னொரு டம்ளர் ஊத்து."